இனம் என்ற கட்டம்: மலேசிய வரலாற்றில் நாம் நின்ற இடம்

பொன்விழா மலர் என்றால் முன்னோர் கப்பலேறி வந்த கதை இருக்கும், பள்ளிவாசல் எழும்பிய கதை இருக்கும், தலைவர்கள், செயலாளர்கள் படங்கள் வரிசையாக இருக்கும். அவை வேண்டியவையே. இந்த மலரிலும் என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் அவற்றை எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொரு பொருள். இந்நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதானாலும், கடைக்கு லைசென்ஸ் எடுப்பதானாலும், வங்கியில் கடன் கேட்பதானாலும் ஒரு பாரம் தருகிறார்கள். பெயருக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் கீழே இனம் என்று ஒரு கட்டம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். சீன நண்பர் யோசிக்காமல் குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நம்மவருடைய பேனா அங்கே கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரை.

நான் வரலாறு படித்தவன் அல்லன். பொலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு, பாட்டனார் தொடங்கிய நாணய மாற்றுக் கடையைப் பினாங்கில் நடத்தி வருபவன். ஆகவே இதில் காசுக் கணக்கு சற்றுத் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் கூலியாட்களும் படகோட்டிகளும் இங்கே இருந்தார்கள். அவர்களைச் 'சூலியர்' என்றார்கள். இன்றும் சூலியா வீதி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. காதர் முகைதீன் கப்பித்தானாக இருந்து அதைக் கட்டினார். இதெல்லாம் நமக்குத் தெரிந்த செய்தி. ஆனால் அன்றைய மனிதர்கள் தங்களை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முன்னோர் யேமனிலிருந்து நாகூருக்கு வந்த அரபியர், நாகூரில் தமிழ்க் குடும்பத்தில் மணம் முடித்தவர். அப்துல்லா பிறந்தது மலாக்காவில். சிறுவயதில் தமிழ் படித்தார், எழுதிப் புகழ்பெற்றது மலாயில், மறைந்தது ஜித்தாவில். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது? அவர் காலத்தில் யாரும் அப்படிக் கேட்டுத் தொல்லைப்படுத்தியதாகத் தெரியவில்லை. 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரே 'ஜாவி பெரானக்கான்'. அதை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் வழிவந்தவர்கள். அதே ஊரில் 1887-இல் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். ஒரே சமுதாயம் இரண்டு மொழியிலும் பத்திரிகை நடத்தியது.

கட்டம் வந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தபோது, 1871-இல் எடுத்த கணக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அச்சேக்காரர், அரபியர், பூகிஸ்காரர், சீனர், ஜாவாக்காரர், கிளிங், மலாய்க்காரர், பார்சிகள், சயாமியர் என்று அது நீண்டுகொண்டே போகும். ஐரோப்பியர் தங்களை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, மற்றவர்களை ஏறக்குறைய ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். அந்த வரிசையில் 'ஜாவி பெக்கான்' என்று ஒரு பெயரும் தனியாக இருந்தது. இந்திய முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளையே பெரும்பாலும் அப்படி அழைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1891 கணக்கெடுப்பில், அந்த நீண்ட பட்டியல் ஆறு தலைப்புகளுக்குள் அடக்கப்பட்டது. அவற்றில் ஒன்று 'மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்'. இன்னொன்று 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்'. ஜாவி பெக்கான் முதல் தலைப்பின் கீழ்ப் போனது. கரையிலிருந்து வந்த தகப்பன் இரண்டாம் தலைப்பின் கீழ்ப் போனான். ஒரே வீட்டில், ஒரே மரவையில் சோறு உண்டவர்கள் அரசாங்கக் காகிதத்தில் இரண்டு இனமானார்கள். இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கணக்கெழுதுகிறவனுக்குத் தலைப்புகள் குறைவாக இருந்தால் வேலை சுலபம். கணக்கியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது புரிகிறது.

தலைப்பு காகிதத்தோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அதே காலத்தில் ஆங்கிலேயர் நிலத்தையும் தொழிலையும் அந்தத் தலைப்புகளின்படியே பிரித்து வைத்தார்கள். ஈயச் சுரங்கத்தில் சீனர். கங்காணி மூலம் ஆள்கட்டி வந்த தமிழர் ரப்பர்த் தோட்டத்தில். மலாய்க்காரர் வயலிலும் கடலிலும். இது தானாக அமைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்கத் தானாக அமையவில்லை. 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. 1917-இல் நெல் நிலச் சட்டம் வந்தது. ரப்பருக்கு நல்ல விலை இருந்தபோது மலாய்க்கார விவசாயி தன் வயலில் ரப்பர் நடக் கூடாது, நெல்லே போட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1922-இல் ரப்பர் விலையைத் தாங்கிப் பிடிக்க ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஏற்றுமதிப் பங்கு பிரித்தபோது ஐரோப்பியர் தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறு தோட்டக்காரருக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள். மலாய்க்காரர் சோம்பலால் வணிகத்துக்கு வரவில்லை என்று நம் கடைகளில்கூட ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் இந்த மூன்று சட்டங்களையும் ஒரு முறை படிக்கலாம்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். கம்போங்கில் மலாய்ப் பள்ளி, பட்டணத்தில் சீனர் தாமே நடத்திய சீனப் பள்ளி, தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை பெரும்பாலும் அதே தோட்டத்தில் பால்மரம் சீவப் போயிற்று. எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் மட்டும் இருந்தது. அதற்குக் கட்டணம் கட்ட வசதியும் வேண்டியிருந்தது.

பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால் என்ற ஆங்கிலேய அறிஞர், இப்படிப்பட்ட காலனி நாடுகளில் மக்கள் பக்கம்பக்கமாக வாழ்ந்தாலும் ஒன்றாகக் கலப்பதில்லை, அவர்கள் சந்தித்துக்கொள்வது சந்தையில் மட்டுமே என்று 1948-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம்தாமே! மீனவருக்கு உப்பும், சுரங்கத் தொழிலாளிக்குச் சுருட்டும், தோட்டத்துக்காரருக்குக் கைலியும் விற்றவர்கள். மூன்று மொழியிலும் பேரம் பேசத் தெரிந்தவர்கள். ஆனாலும் மாலையானால் கடையைச் சாத்திவிட்டுச் சொந்த ஊர்க்காரர் தங்கியிருந்த கித்தங்கிக்குத்தான் போனோம்.

போருக்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை பள்ளிப் புத்தகத்திலேயே உள்ளன. 1946-இல் மலாயன் யூனியன், அதை எதிர்த்து அம்னோ, 1948-இல் கூட்டரசு, அதே ஆண்டில் அவசரகாலம், 1955 தேர்தலில் 52 தொகுதிகளில் 51-ஐ வென்ற கூட்டணி, 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை. அப்போது மக்களில் ஏறத்தாழப் பாதி மலாய்க்காரர், 37 விழுக்காடு சீனர், 11 விழுக்காடு இந்தியர். இங்கே பிறக்காத லட்சக்கணக்கானோருக்குக் குடியுரிமை. அதற்கு ஈடாக மலாய்க்காரரின் சிறப்பு நிலைக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு. இதுவே அன்றைய பேரம். அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம், சிறப்பு நிலையை 15 ஆண்டு கழித்து மறுஆய்வு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. இறுதிச் சட்டத்தில் அந்தக் காலவரம்பு இடம்பெறவில்லை.

நமக்கு முக்கியமானது 160-ஆவது பிரிவு. மலாய்க்காரர் என்பவர் யார்? இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்காறுகளின்படி நடப்பவர், விடுதலை நாளுக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் அல்லது நிலையாக வாழ்ந்தவர், அல்லது அவர்களின் வழிவந்தவர். இதில் இரத்தம் என்ற சொல்லே இல்லை. 1930-களில் மலாய் இதழ்களிலும் சங்கங்களிலும் 'கிளிங் இரத்த வழியினர்', 'அரபு இரத்த வழியினர்' என்று பிரித்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்துப் பார்த்தால் இந்த வரையறை தாராளமானதுதான். நம்மவரில் எத்தனையோ குடும்பங்கள் இந்த வாசல் வழியாக உள்ளே போய்விட்டன. இருமுறை பிரதமராக இருந்த துன் மகாதீருக்கும் தந்தைவழியில் இந்திய முஸ்லிம் வேர் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அந்த வாசலுக்கு ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. 'வழக்கமாக மலாய் பேசுபவர்' என்பது அது. வீட்டில் தமிழ் பேசுகிறவரை வெளியே நிறுத்துவதும் அதே சொற்கள்தாம்.

இப்போது எங்கள் தொழிலோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். மே 13-ஐப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் பினாங்கில் நடந்ததை இளைய தலைமுறை அறியவில்லை.

1967 ஜூன் 12-ஆம் நாள் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. அதுவரை புழங்கியது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் நோட்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பழையதும் புதியதும் சேர்ந்தே புழங்கின. வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பெரும்பாலும் மாற்றிக்கொண்டார்கள். மெத்தைக்கடியில் காசு வைத்திருந்தவர்கள், தகரப் பெட்டியில் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள், பழைய நோட்டும் செல்லும்போது என்ன அவசரம் என்று இருந்துவிட்டார்கள். பழைய நோட்டுக்குப் பின்னால் நின்றது பிரிட்டிஷ் பவுண்டு. நவம்பர் 18-இல் லண்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய வெள்ளி அசையவில்லை. பழைய வெள்ளி மட்டும் பவுண்டோடு சேர்ந்து இறங்கியது. இனி அது 85 காசுதான் என்று அறிவிப்பு வந்தது. 200 வெள்ளி சேர்த்து வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் 30 வெள்ளி போயிற்று.

அப்போது எங்கள் பாட்டனாருக்குச் சிகரெட்டும் வெற்றிலை பாக்கும் தமிழ்ப் பத்திரிகையும் விற்கும் பெட்டிக்கடை. அதன் ஓரத்தில் நாணய மாற்று. அத்தாவுக்குப் பத்து வயது. கடைக்கு வந்தவர்களை அத்தா இன்றும் சொல்வார். மீன் விற்கும் மலாய்க்கார அம்மாள், திரிஷா ஓட்டும் சீனக் கிழவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம் ஊர்க்காரர், எல்லார் கையிலும் அதே பழைய நோட்டு, எல்லார் வாயிலும் அதே கேள்வி. 15 காசு எங்கே போச்சு? பாட்டனாருக்கும் பதில் தெரியவில்லை. அவர் பெட்டியிலும் பழைய நோட்டு இருந்தது. நாணய மாற்றுக்காரன்தான் தின்றுவிட்டான் என்று சிலர் கோபப்பட்டதாகவும் அத்தா சொல்வார்.

நவம்பர் 24-இல் தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அழைப்பில் இனம் இல்லை, காசுதான் இருந்தது. நட்டப்பட்டவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள். ஆனாலும் அது கலவரமாகி, சீனர் மலாய்க்காரர் மோதலாகத் திரிந்து, ஊரடங்கு வரை போயிற்று. எதிர்க்கரைக்கும் பரவிற்று. என்னால் மறக்க முடியாத இடம் இதுதான். மூன்று பேருக்கும் ஒரே நட்டம், ஒரே காரணம். அப்படியிருக்க ஏன் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்? அந்த மீன்கார அம்மாளும் திரிஷாக்காரரும் வேறு வேறு குடியிருப்பில் வாழ்ந்தார்கள். வேறு மொழியில் செய்தி கேட்டார்கள். ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருந்ததில்லை. அவர்கள் சேர்ந்து நின்ற ஒரே இடம் எங்கள் பெட்டிக்கடை வாசல். அங்கே வரிசை பிடித்து நிற்கலாம், சேர்ந்து பேசி ஒரு முடிவெடுக்க முடியாது. வலி வந்தால் எடுத்துச் சொல்ல அவரவர் இனத்து ஆட்கள்தாம் இருந்தார்கள். ஆகவே வலியும் இனத்தின் பெயரிலேயே வெளிவந்தது.

1969 மே 10-இல் பொதுத்தேர்தல். 13-இல் கோலாலம்பூரில் தீ. அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் மாண்டார்கள். நாடாளுமன்றம் நிறுத்தப்பட்டு, துன் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்தியது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. அதே ஆண்டில் இரண்டாம் மலேசியத் திட்டத்தோடு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது.

அந்தக் கொள்கையை முழுக்கத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு இரண்டு நோக்கம். இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. ஓர் இனம், ஒரு தொழில் என்ற நிலையை மாற்றுவது. இரண்டாவது நோக்கம் ஆங்கிலேயர் செய்து வைத்த வேலையைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னது என்றே நினைக்கிறேன். 1970-இல் தீபகற்பத்தில் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. மலாய்க்காரரில் 65 விழுக்காடு, இந்தியரில் 39, சீனரில் 26. கம்பெனிப் பங்குகளில் மலாய்க்காரர் கையில் இருந்தது 2.4 விழுக்காடு. இந்தியருக்கு 1.1, சீனருக்கு 27.2. வெளிநாட்டாரிடம் 63.3. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். உள்நாட்டு இனங்கள் மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தபோது கடையின் பெரும்பகுதி லண்டன்காரர் போன்ற வெளியாருடையதாக இருந்தது.

20 ஆண்டில் தீபகற்பத்தின் வறுமை 15 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. 1990-இல் பூமிபுத்ரா பங்கு 19.3-ஆக உயர்ந்தது. சீனர் பங்கும் 45-ஐத் தாண்டியது. வெளிநாட்டார் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைந்தது. என்னோடு பொலிடெக்னிக்கில் படித்த கிளந்தான் நண்பர் ரப்பர் சீவியவரின் மகன். குடும்பத்தில் டிப்ளோமா வாங்கிய முதல் ஆள். அந்தக் கொள்கை இல்லையென்றால் அவர் அங்கே வந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் இந்தியர் பங்கு 1990-இலும் 1 விழுக்காடுதான். அதே ரப்பரைச் சீவிய தோட்டத்துத் தமிழரின் மகனுக்கு, வறுமை ஒன்றாக இருந்தாலும் கட்டம் வேறு. முதல் நோக்கத்தில் 'இன வேறுபாடின்றி' என்று எழுதிய மருந்தைக் கொடுக்கும்போது இனத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதே என் குறை.

நம் வணிகர்களுக்கு அந்த ஆண்டுகள் அடிமேல் அடி. 1963 முதல் 1966 வரை இந்தோனேசிய மோதலால் சுமத்ராவுடன் இருந்த வியாபாரம் படுத்தது. 1968-இல் வேலை அனுமதிச் சட்டம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பெர்மிட்டுக்கு அலைந்தார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 'ரஜூலா'வில் போய்வந்த நம்மவர்கள் பலர், குடியுரிமைக்கு எழுதிப்போட வேண்டிய காலத்தில் எழுதிப்போடவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. தோட்டத் தமிழர்களோடு சேர்ந்து இவர்களிலும் பலர் கப்பலேறினார்கள். 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதியும் பறிபோனது. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு முடிந்தபோது ஜார்ஜ் டவுனில் மிச்சமிருந்த பழைய கடைகளும் காலியாயின. அது பின்னால் நடந்தது.

இன்னொன்று. சிங்கப்பூர் பிரிந்தது 1965-இல். நோட்டு பிரிந்தது 1973 மே மாதத்தில். அதுவரை அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று, மாற்றுவதற்கு எங்கள் கடை தேவையில்லை. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடையது 3-க்கு மேல். என் வருமானத்தில் ஒரு பகுதி அந்தப் பிரிவினையிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

நம் சங்கம் தோன்றியது இந்தச் சூழலில்தான். அரசாங்கத்தோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த ஆள் வேண்டும், பெர்மிட்டுக்கு, குடியுரிமைக்கு, மையித்தை அடக்க, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க. பெரியவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

அன்று முதல் இன்று வரை நம் சமுதாய மேடைகளில் ஒரு கோரிக்கை ஓயவில்லை. இந்திய முஸ்லிம்களையும் பூமிபுத்ராவாக ஏற்க வேண்டும். கிம்மா 2010-இல் அம்னோவின் இணை உறுப்பாகச் சேர்ந்தது. 2018 தேர்தலுக்கு முன் அன்றைய பிரதமர் நஜிப் இதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். தேர்தல் வந்தது, அரசாங்கம் மாறியது. கோரிக்கை அங்கேயே இருக்கிறது. இதற்கிடையில் குடும்பங்கள் தாமாகவே வழி பார்த்துக்கொள்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் பிறப்புச் சான்றிதழில் இந்தியர், தம்பி மலாய்க்காரர். 1891 கணக்கெடுப்பு இன்னும் நம் வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்கரையிலும் இதே கதைதான். 2017-இல் சிங்கப்பூர் அதிபர் தேர்தலை மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கினார்கள். வென்ற ஹலிமா யாக்கோப்பின் தந்தை இந்திய முஸ்லிம். அவர் மலாய்க்காரரா என்று ஊரே விவாதித்தது. அங்கே சட்டம் வேறு மாதிரி. தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அந்தச் சமூகமும் பொதுவாக ஏற்றுக்கொண்டால் போதும். வரையறை இளகினாலும் கட்டம் இருக்கும்வரை இந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது.

பூமிபுத்ரா கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. பெரியவர்கள் மனம் வருந்தக் கூடாது. காரணங்களைச் சொல்கிறேன். 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடுதான், அதில் நாம் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டு இன்னொரு கட்டத்துக்கு மாறினால் அங்கே கண்ணில்கூடப் படாது. விட்டுவந்த கட்டத்தில் நிற்கிற தோட்டத்துத் தமிழர் இன்னும் சிறுத்துப் போவார். தோட்டங்களைத் துண்டாடியபோதும், பிற்பாடு அவற்றை வீடமைப்புத் திட்டங்களாக மாற்றியபோதும், அது நம் பிரச்சினை அல்ல என்று இருந்தோம். அவரிடம் சரக்கு விற்று எழும்பிய கடைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! மற்றது தமிழ். 160-ஆவது பிரிவு கேட்கும் கட்டணத்தை நாம் ஏற்கெனவே தவணை முறையில் செலுத்திக்கொண்டிருக்கிறோம். சங்கக் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் தமிழில் பேசினால் மலாயில் பதில் வருகிறது. ஜும்ஆ பயான் தமிழில் நடக்கும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. இந்த மலரை வாசிக்கத் தெரிந்தவர்கள் அடுத்த மலருக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று மலர்க்குழுவே கவலைப்படுகிறது. கட்டணம் முழுவதும் கட்டி முடித்த பிறகு வாசல் திறக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வருமானத்தைப் பார்த்து உதவி செய்யுங்கள் என்று கேட்பதே சரி என்பது என் எண்ணம். கிளந்தான் ரப்பர் சீவுகிறவருக்கும், சுங்கை பட்டாணித் தோட்டத்திலிருந்து வெளியேறியவருக்கும், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் நம் நாசி கண்டார் கடைத் தொழிலாளிக்கும், புதுக்கிராமத்துச் சீனக் கிழவிக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும். இதைக் கேட்கும்போது நம்மைப் பார்த்து ஒரு கேள்வி திரும்பும். உங்கள் கடையில் எத்தனை பேர் உங்கள் ஊர்க்காரர் அல்லாதவர்? ஒரே தீவில் இராமநாதபுரத்துக்காரருக்கு ஒரு சங்கம், கடையநல்லூர்க்காரருக்கு ஒன்று, தென்காசிக்காரருக்கு ஒன்று என்று நாமும் பிரிந்துதான் இருக்கிறோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் அதற்குள்தான். ஆங்கிலேயர் வைத்த கட்டம் நாலு என்றால் நாம் வைத்தது நாற்பது.

நம் சங்கத்தின் கல்வி நிதி விண்ணப்பப் பாரத்தை எடுத்துப் பார்த்தேன். மாணவர் பெயருக்குக் கீழே மூன்றாவது வரி 'பூர்வீக ஊர்'. குடும்ப வருமானம் பின்பக்கத்தில், கையொப்பத்துக்கு மேலே ஒரு சிறு வரியாக இருக்கிறது. போன ஆண்டு உதவி பெற்றவர்களில் இரண்டு பேரின் தகப்பனார் சொந்தக் கடை வைத்திருப்பவர். உதவி கிடைக்காதவர்களில் ஒரு பெண் பிள்ளை, தாய் மட்டும் உள்ளவள். தாயார் மலாய்க்காரர், மறைந்த தகப்பனார் நம்மவர், பூர்வீக ஊர் எது என்று அந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு வருமானத்தை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் பொதுக்கூட்டத்தில் ஏழாவது பொருளாக வருகிறது. உறுப்பினர்கள் அவசியம் வந்து வாக்களிக்க வேண்டுகிறேன்.